பேச்சிக்கு: அந்தச் சான்றிதழ் விஷயம்

ஏட்டி பேச்சி,

பதில் போடாததுக்கு வையிறதையெல்லாம் நேர்ல வச்சுக்கோ. அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். அல்ட்ராசவுண்ட் அண்ணாச்சி இன்னும் அதே மெஷினைத்தான் துடைச்சிக்கிட்டு இருக்காவ.

நிணநீர் தேங்கி கைகால் வீங்குதுல்லா, அந்த நிணநீர் வீக்கச் சிகிச்சைக்குச் சான்றிதழ் எடுக்கவான்னு கேட்டிருந்தே. அமெரிக்கா போகத்தான்னா வேண்டாம்ட்டி. அங்கே பிசியோதெரபி லைசென்ஸ் பரீட்சைதான் முதல்ல, இதெல்லாம் அதுக்கு அப்புறம். அங்குள்ள நிணநீர்த் தேர்வுக்கே 135 மணி நேரப் பயிற்சி கேக்காவ, மூணுல ரெண்டு பங்கு செய்முறை. ரெண்டு நாள் ஆன்லைன்ல பேசிட்டு 'ஸ்பெஷலிஸ்ட்'னு தாள் குடுக்கவன்கிட்ட ஏமாந்துராத.

பாளையங்கோட்டையிலயே தொழில் பண்ணன்னா, பணம் கட்டுமுன்னே மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் பண்ணுத சர்ஜன்களைப் போய்ப் பாரு. அக்குள்ல நிணநீர் முடிச்சை எடுத்து கை வீங்குனவங்களை அனுப்புவீங்களான்னு கேளு. ரெண்டு பேராவது சரின்னாதான் இறங்கணும். நோயாளி தாளைப் பாக்க மாட்டா, கை வத்துதான்னுதான் பாப்பா.

அடுத்தது கணக்கு. ஒரு கைக்கு நிணநீர் மசாஜும் கட்டும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடிரும். அந்த நேரத்துல வலிக்குக் கரண்டு வைக்குத ஐ.எஃப்.டி. மெஷினை மாட்டி மூணு முதுகுவலியை அனுப்பிரலாம். அதுக்கேத்த கட்டணம் வாங்கலேன்னா நட்டந்தான். ரெண்டு மூணு வாரம் தினமும் வரணும், கட்டு ராத்திரியும் இருக்கணும். முக்கூடல்ல பீடி சுத்துதவளுக்கு விரல் விரலா கட்டுப் போட்டா அவ எப்படி இலை மடக்குவா? நாலாம் நாள் வரமாட்டா. இதைப் படிப்புல எவனும் சொல்லித் தர மாட்டான்.

கட்டுலதான் பெரும்பாலும் கெட்டுப்போகுது. கிரேப் பேண்டேஜ் ஆகவே ஆகாது. கை சும்மா இருக்கும்போதும் நெரிக்கும், தசை அசையும்போது விட்டுக்குடுத்துரும். குறைவா இழுபடுத பேண்டேஜ்தான் வேணும், விலை கூடத்தான், துவைச்சுப் போடலாம். அழுத்தம் விரல் பக்கம் கூடுதலா இருக்கணும், மேல போகப்போகக் குறையணும். அதை இழுத்துக் கொண்டுவரக் கூடாது, சுத்து எண்ணிக்கையில கொண்டுவரணும். முழங்கையில இறுக்கிட்டா புறங்கை பொம்முன்னு வீங்கிரும். மணிக்கட்டுலேருந்து நாலு சென்டிமீட்டருக்கு ஒரு அளவு, ரெண்டு கையிலயும் எடுத்து எழுதி வை. வீக்கம் வத்துன பிறகுதான் கையில மாட்டுத அழுத்த உறைக்கு அளவு. சிவந்து காய்ச்சல் அடிச்சாலோ, ரத்தக்கட்டிச் சந்தேகம் இருந்தாலோ தொடாதே, டாக்டர்கிட்ட அனுப்பு.

யானைக்காலும் நிணநீர் வீக்கந்தான். அதுக்குத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாம துடைக்கச் சொல்லிக்குடுக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். அதை நாளைக்கே ஆரம்பி.

செய்முறை எத்தனை மணி நேரம்னு படிப்பு நடத்துதவங்ககிட்ட எழுத்துல வாங்கு. சுடலை கல்யாணத்துக்கு வரும்போது அதைக் கொண்டா, பாப்போம்.

கோமதி