முதுகு நனைந்தால் வாய்க்குத் தண்ணீர்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் விடாதே. இங்கே ஆஸ்திரேலியாவின் நடுவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து "கடிக்குமா, விஷமா?" என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை. 'தோர்னி டெவில்', அதாவது முள் பிசாசு என்று பெயர் வைத்துவிட்டார்கள், பாவம். நம்மூர் ஓணான் குடும்பம்தான் அது. வாலோடு சேர்த்து ஒரு சாண்கூட வராது. உடம்பெல்லாம் முள், சாப்பாடு எறும்பு மட்டும். எறும்புச் சாரி ஓரமாக நின்று நாக்கால் ஒவ்வொன்றாக எடுக்கும். ஒரு வேளைக்கு ஆயிரத்துக்கு மேல்கூடப் போகும்.

உன்னிடம் சொல்லியே ஆகவேண்டியது தண்ணீர் விஷயம். இத்தனை வருஷம் பிசிக்ஸ் நடத்தினாயே, மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுகிற நுண்புழை ஏற்றத்துக்குக் கண்ணாடிக் குழாயைத்தானே காட்டியிருப்பாய்? இதன் செதில்களுக்கு நடுவே மயிரிழை அகலத்தில் கால்வாய்கள் ஓடுகின்றன. உடம்பு முழுக்க ஒன்றோடொன்று இணைந்து, வாயோரத்தில் போய் முடிகின்றன. தேங்கிய நீரில் கால் நனைந்தாலே போதும், தண்ணீர் தானாக ஏறி வாய்வரைக்கும் வந்துவிடும். தாடையை அசைத்து அசைத்து விழுங்கிக்கொள்ளும். எறும்பு பிடிக்கவென்றே அமைந்த வாய் என்பதால், நக்கிக் குடிக்க அதற்கு வராது.

ஆனால் பாலைவனத்தில் குட்டைக்கு எங்கே போவது? 2016இல் வந்த ஓர் ஆய்வில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஈர மணலில் சும்மா நின்றால், குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அப்புறம்தான் இன்னொரு பழக்கத்துக்கு அர்த்தம் புரிந்தது. மழை பெய்தால் இது ஈர மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். மேலிருந்து இறங்கும் ஈரத்துக்குப் புவியீர்ப்பும் துணை, தோல் உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு, பார்!

கழுத்துக்குப் பின்னால் குமிழ் மாதிரி இருக்கிறதே என்று கேட்டாய். ஆபத்து வந்தால் நிஜத் தலையை முன்னங்கால்களுக்கு நடுவே குனிந்துகொண்டு, அந்தப் பொய்த் தலையை நீட்டும்.

வெயில் காயத் தார் ரோட்டில் வந்து படுத்துவிடும். ஓடத் தெரியாது, வண்டியில் அடிபட்டுப் போகிறது. அதனால் காலையில் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

நீ வருவதாக இருந்தால் ஜனவரியும் வேண்டாம், ஜூலையும் வேண்டாம். கடும் வெயிலிலும் குளிரிலும் இது அதிகம் வெளியே வராது. அடுத்த செப்டம்பருக்கு டிக்கெட் பார், லீவு சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
முருகு