கெனோன் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நவீன காலத்தைச் சாடி மரபைப் போற்றிய பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே கெனோனைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உன் பேச்சில் கசப்பு ஏறிக்கொண்டே போகிறது. நம் மதுரை மாசி வீதிக் கூட்டத்தைப் பார்த்தாலே கலி முற்றிவிட்டது என்கிறாய். வேலையை விடப்போகிறாய் என்று உன் அம்மா கவலைப்பட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மனிதர் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். தரம் போய் எண்ணிக்கையே எல்லாவற்றையும் ஆளும் என்று அவர் 1945-இல் எழுதியதை இன்றைக்குக் கோயில்களிலேயே பார்க்கலாம். காசு கூடக் கூட தரிசன வரிசை குறைகிறது. அவரோடு சேர்த்துப் பேசப்படும் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி நம் ஆள். 1877-இல் கொழும்பில் பிறந்தவர், அப்பா தமிழர், அம்மா ஆங்கிலேயர். கலைஞன் என்று தனிப்பிறவி கிடையாது, ஒவ்வொரு மனிதனும் ஒருவகைக் கலைஞன்தான் என்பது அவர் கட்சி. நம் ஊர்ச் சுங்குடியை எடுத்துக்கொள். துணியைப் புள்ளி புள்ளியாக நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பார்கள். இப்போது அதே புள்ளிகளை அச்சடித்து விற்கிறார்கள். விலை குறைந்தது, சரி. கூடவே ஒரு கைத்திறமும் அதை வைத்துப் பிழைத்தவர்களின் மரியாதையும் போனது. இதற்கு நீ கோபப்பட்டால் நானும் உன் பக்கம்தான்.

ஆனால் கோபம் ஆன்மிகம் ஆகிவிடாது, தம்பி. கெனோன் பாரிஸில் உட்கார்ந்து காலத்தைத் திட்டிக்கொண்டே இருந்துவிடவில்லை. 1930-இல் கெய்ரோவுக்குப் போய், அங்கே ஒரு முஸ்லிமாக, சூஃபி வழியில், 1951-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். உயிரோடிருக்கும் ஒரு மரபுக்குள் போய் நிற்காமல் படிப்பு மட்டும் உதவாது என்பது அவரே வலியுறுத்தியது. நீயோ அவரை போனில் படித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும்போது போய் உட்காருவதுகூட இல்லை. இன்னொன்று: அந்த வரிசையில் எவோலா என்ற இத்தாலிய எழுத்தாளரையும் படிப்பதாகச் சொன்னாய். அவர் இனவாதத்துக்குத் தத்துவம் எழுதிக்கொடுத்தவர். கவனமாக இரு.

சொக்கப்ப நாயக்கன் தெருவில் உள்ள ரமண மந்திரம் என்ற வீட்டுக்கு ஒருநாள் போய் வா. 1896 ஜூலையில், அந்த வீட்டில்தான் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனை மரண பயம் பிடித்தது. பிணம்போல் விறைத்துப் படுத்து, உடம்பு செத்தால் 'நான்' சாகிறேனா என்று பார்த்தான். அவன் படித்தது அமெரிக்க மிஷன் பள்ளியில். முறையான தீட்சை இல்லாமல் வழியில்லை என்பார் கெனோன். இவனுக்கு மனித குருவே கிடையாது. ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திலிருந்து 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, தேட வேண்டாம் என்று சீட்டு எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினான். எதில் போனான்? வெள்ளைக்காரன் போட்ட ரயிலில். பழைய வரைபடத்தை நம்பித் திண்டிவனத்துக்குச் சீட்டு எடுத்து, வழியில் விழுப்புரத்தில் இறங்கி, அலைந்து நடந்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தான். பின்னாளில் ரமணராக அவர் கேட்கச் சொன்ன கேள்வி 'நான் யார்' என்பதுதான். காலம் கெட்டுவிட்டதா என்பதல்ல.

மரபு என்றால் மாறாதது என்றும் நினைக்காதே. அழகர் ஆற்றில் இறங்குவதையும் மீனாட்சி கல்யாணத்தையும் ஒரே சித்திரையில் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்றுதான் இந்த ஊர் சொல்கிறது. வைணவப் பெருமாள் கள்ளர் கோலத்தில் வருகிறார், வண்டியூரில் துலுக்க நாச்சியாரைப் பார்க்கிறார் என்று கதை. யார் யாரோ சேர்ந்து கட்டியதால்தான் அது லட்சக்கணக்கான பேரின் விழாவாக நிற்கிறது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. கெனோனும் குமாரசுவாமியும் சாதி அமைப்பை ஆதரித்து எழுதினார்கள். நீ அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். 1939 ஜூலை 8 அன்று காந்தியவாதி வைத்தியநாத ஐயர், சாதியால் அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, எதிர்த்தவர்களும் மரபின் பெயரால்தான் எதிர்த்தார்கள். நுழைந்தவர்களும் அம்மனைக் கும்பிடத்தான் போனார்கள். அன்று அந்த வாசலில் நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்? வேலையை விடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்