ராஜவாய்க்கால், குளம் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நொய்யல் அணைக்கட்டிலிருந்து நம் குளத்துக்கு வரும் ராஜவாய்க்காலைத் தூர்வாரி, குளத்தில் வண்டல் எடுத்து, மதகைச் சீர்செய்யும் திருப்பணி நிறைவடைந்தது. இந்த மழைக்கு வெள்ளிங்கிரி மலையில் இறங்கிய தண்ணீர் குளத்துக்குள் வந்து, மிச்சம், நிரம்பிய நீர் வழிந்து போகும் கலங்கல் வழியாக ஆற்றுக்கே திரும்பியது.

ஜேசிபி ஓடியதை எல்லோரும் பார்த்தீர்கள். நன்கொடையும் அதற்குத்தான் தாராளமாக வந்தது. ஆனால் குழுவின் பெரும்பாடு மனு எழுதுவதில்தான் போனது.

தகவல் உரிமைச் சட்டத்தில் நிலத்தின் அளவு காட்டும் எஃப்எம்பி வரைபடமும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேடும் கேட்டு வாங்கினோம். பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்குக்கு இருக்கும் அகலத்தில் பாதிகூடப் பல இடங்களில் தரையில் இல்லை. அளக்கச் சொன்னால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டும்; அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்புவார்கள். குளத்தின் எல்லையை அளக்க 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலைத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தபிறகுதான் சர்வேயர் வந்தார்.

அளந்தால், கல் நட வேண்டிய இடத்தில் தென்னை நிற்கிறது. அதுவும் நம் உறுப்பினர்கள் சிலருடைய தென்னை! பெயர் போட வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. பெரும்பாலோர் காய் பறித்துக்கொண்டு மரத்தை விட்டுக்கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. இரண்டு இடங்களில் இன்னும் பேச்சு முடியவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. தார்ச்சாலைக்கு அடியில் பதித்திருந்த சிமெண்ட் குழாய், வாய்க்கால் தரையைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. மதகு திறந்தாலும் தண்ணீர் அங்கே முட்டி நின்று, பக்கத்து விவசாய நிலத்துக்குள் பாய்ந்து வீணாகும். குளத்தை இன்னும் பத்தடி தோண்டியிருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது. குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலம் கட்டச் சொல்லி எழுதிய மனுக்கள் மட்டுமே தனி ஃபைல். இப்போது சிறுபாலம் கட்டியாகிவிட்டது.

வட்டாட்சியர் அனுமதியோடு வண்டலை விவசாயிகளே டிராக்டரில் எடுத்துப்போனதால் மண் அள்ளும் செலவு குறைந்தது. கரையில் கான்கிரீட் நடைபாதையும் பூங்காவும் வேண்டும் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. மண்கரை மண்கரையாகவே இருக்கட்டும். பனை விதை நட்ட அன்று ஃபோட்டோவுக்கு வந்த கூட்டத்தை அதன்பிறகு கரைப்பக்கம் காணோம். நல்லவேளை, பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

இரண்டு வீதிச் சாக்கடை வாய்க்காலில் விழுவதைத் தடுக்க ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். நொய்யலில் நமக்குக் கீழே இருக்கும் ஒரத்துப்பாளையத்தைப் பாருங்கள். 1992-ல் பாசனத்துக்குத் திறந்த அணை, திருப்பூர்ச் சாயநீர் தேங்கி, பயிருக்கு ஆகாத தண்ணீராகிப் போனது. அங்கே ஆயக்கட்டு (பாசனப் பகுதி) விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அதுவும் நடக்காமல், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. மேல்மடைக்காரர் விடுவது கடைமடையில்தான் போய்ச் சேரும். நம் சாக்கடை சின்னதுதான், சரி; அதற்காக ஆற்றில் விட்டுவிட முடியுமா? ஊராட்சி உறிஞ்சுகுழிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது, வேலை தொடங்கவில்லை. அடுத்த கிராம சபைக்கு அந்த வீதிக்காரர்கள் கட்டாயம் வர வேண்டும்.

இனி ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்தில், வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்கால் சுத்தம் செய்ய வர வேண்டும் எனத் தீர்மானித்துள்ளோம். வர முடியாதவர்கள் ஆள் கூலி கட்டலாம். மதகுச் சாவி, மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரிடம் இருக்கும். யாரும் தாமாகத் திறக்க வேண்டாம். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன. சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்