வாடிக்கரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

ஓமானின் ஹஜர் மலை அடிவாரத்தில், வெள்ளிக்கிழமைகளில் நாம் போய் உட்காரும் வாடியில், மூடிப்போன வாய்க்காலைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட வேலை நல்லபடியாக முடிந்தது. கோயில் இல்லாத இடத்தில் என்ன திருப்பணி என்று சிலர் கேட்டீர்கள். வன்னி மரம் இருக்கிறதே, போதாதா? இங்கே அதற்கு காஃப் என்று பெயர், அவ்வளவுதான்.

ஓமானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வாடி என்றால் காட்டாற்றுப் படுகை. வருஷத்தில் பெரும்பாலான நாள் கூழாங்கல்லும் அரளிப் புதரும்தான் தெரியும். ஆனால் சும்மா கிடக்கும் இடமில்லை. பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், ஆடு மேய்கிறது, மலைக் கிராமங்கள் சிலவற்றுக்கு வண்டிப்பாதையே அதற்குள்தான் போகிறது. மேலே காய்ந்திருந்தாலும் சரளைக்கு அடியில் நீர் ஊர்ந்துகொண்டிருக்கும். அதை மேட்டுப் பகுதியில் பிடித்து, வாய்க்கால் வழியாகப் பேரீச்சந் தோப்புக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வாய்க்கால்தான் ஃபலஜ். முறைப்பங்கு அரை மணிக் கணக்கு, ஒரு பங்குக்கு அதர் என்று பெயர். முறை வைத்துத் திறந்துவிடுகிறவர் அரீஃப், நம் ஊர் நீர்க்கட்டி மாதிரி. அவருக்கும் மேலே ஃபலஜுக்குப் பொறுப்பாக வகீல் ஒருவர்.

போன வெள்ளத்தில் வாய்க்கால் முகப்பில் 34 மீட்டர் தூரம் சரளை மூடிவிட்டது. வகீல் காட்டிய இடத்தில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆறு வெள்ளிக்கிழமை அள்ளினோம். உடைந்த கரையைப் பூசினோம். குப்பை இரண்டு டிப்பர் போனது. அதில் பாதி நம் ஆட்கள் விட்டுவந்த பிரியாணித் தட்டுகள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு தவறும் நடந்தது. சிமென்ட் மூட்டைகளைக் கரையேற்றச் சொன்னார் வகீல். நாளைக்கும் இங்கேதானே வேலை என்று படுகையிலேயே அடுக்கிவிட்டு வந்தோம். தலைக்கு மேலே ஒரு துண்டு மேகம் கிடையாது. மழை மலையில் பெய்திருக்கிறது. விடிகாலை வந்து பார்த்தால் ஒன்பது மூட்டையும் நனைந்து கிடந்தன. இரண்டே நாளில் கல்லாகிவிட்டன. சாக்கைக் கிழித்தால் தையல் மடிப்புகூட அப்படியே பதிந்திருந்தது. அந்தச் செலவைச் செயற்குழு கைக்காசில் ஏற்றது, சந்தாவில் எழுதவில்லை.

அதற்கப்புறம்தான் நகராட்சி அனுமதியோடு எச்சரிக்கைப் பலகைகளை வைத்தோம். அரபியில் ஒன்று, தமிழில் ஒன்று: ‘இங்கே மழை இல்லாவிட்டாலும் வெள்ளம் வரும்.’ 2024 ஏப்ரலில் சமத் அஷ்ஷான் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது நமக்கெல்லாம் தெரியும். தண்ணீர் ஓடும்போது வாடியில் வண்டியை இறக்குவது சட்டப்படியும் குற்றம்.

வரவு 415 ரியால். சிமென்ட், கல் 96, பலகைகள் 140, டிப்பர் 85, சாப்பாடு 62. மீதி 32 ரியால் பொருளாளரிடம் இருக்கிறது. வகீலிடம் இரவல் வாங்கிய மண்வெட்டிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை, யார் வண்டியில் இருக்கிறதென்று பாருங்கள். ஒன்பது ‘மூட்டை’களையும் கரையேற்றி வன்னி நிழலில் போட்டிருக்கிறோம். உட்கார வசதியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயற்குழு