எக்ஸ்போஷர் நான்கு மடங்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிம் படங்களை வீட்டிலேயே பிரிண்ட் போடும் இருட்டறை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘பிரிண்ட் அளவை இரட்டித்தால் எக்ஸ்போஷரை (தாளில் ஒளி படும் நேரத்தை) நான்கு மடங்காக்க வேண்டும்’ என்கிறது. அது தவறு. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதன் வர்க்கத்தை எடுக்க வேண்டும். 4x5 அங்குல நெகடிவை 8x10-க்குப் போட்டால் பெருக்கம் 2, 16x20-க்கு 4. ஆக, 9-க்கு 25 என்பதே விகிதம். 10 விநாடி கொடுத்த இடத்தில் 28 விநாடி போதும். 40 கொடுத்தால் பிரிண்ட் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) கூடுதலாகக் கறுத்துவிடும். இந்தக் காலத்தில் பெரிய தாள் விற்கிற விலைக்கு அது சின்ன நஷ்டமல்ல.

பழைய ஸ்டூடியோ என்லார்ஜர் (நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவி) கிடைத்தால் உடனே வாங்கச் சொல்கிறார் கட்டுரையாளர். முதலில் அறையின் உயரத்தை அளக்க வேண்டாமா? 4x5-க்கு 150 மி.மீ. லென்ஸ் வேண்டும். (35 மி.மீ. பிலிமுக்கான 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் மூலைகள் இருண்டுவிடும்.) அதில் 16x20 போட, தாளிலிருந்து லென்ஸுக்கு 75 செ.மீ., அங்கிருந்து நெகடிவுக்கு ஏறத்தாழ 19 செ.மீ. அதற்கும் மேலே விளக்குக் கூண்டு. சாதாரண மேஜை மீது வைத்தால் பரண் இடிக்கும்.

அடுத்தது, நெகடிவ், லென்ஸ், தாள் மூன்றும் இணையாக இருக்கிறதா என்பது. ரசமட்டத்தை மட்டும் நம்பக் கூடாது. முழுக்கக் கறுத்த பிலிம் ஒன்றில் மூலைக்கு மூலை ஊசியால் கோடு கீறி, நெகடிவைப் பிடிக்கும் கேரியரில் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து, நான்கு மூலைகளையும் கிரெய்ன் ஃபோகசரில் (தாளில் விழும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு கருவி) பாருங்கள். ஒரு பக்கத்து மூலைகள் துல்லியமாக இருந்து மறுபக்கத்து மூலைகள் மங்கினால், மங்கிய பக்கத்தில் லென்ஸைத் தாங்கும் லென்ஸ் போர்டுக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பார்க்கலாம். மேலும் மங்கினால் எதிர்ப்பக்கம். லென்ஸின் துவாரத்தை f/11-க்கு மூடினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவது பெரிய பிரிண்டில் கைகொடுக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் நடுப்பகுதி மட்டும் மங்குகிறதா? விளக்கின் சூட்டில் நெகடிவ் சட்டென்று வளைந்துகொடுக்கிறது. பெரிய பிலிமுக்கு இது கூடுதல். ஒரு நிமிடம் விளக்கை எரியவிட்டு, நெகடிவ் வளைந்து நின்ற பிறகு ஃபோகஸ் செய்ய வேண்டும். விளக்கை அணைக்காமல் லென்ஸை அட்டையால் மறைத்துத் தாளை வைத்து, அட்டையை எடுத்து எக்ஸ்போஸ் செய்யலாம். கண்ணாடி கேரியர் வளைவைத் தடுக்கும். ஆனால் மழைக்காலத்தில் நியூட்டன் வளையங்கள் (பிலிமும் கண்ணாடியும் ஒட்டுமிடத்தில் தோன்றும் வளையக் கறைகள்) விழும். பிலிமின் வழவழப்பான பக்கம் படும் மேல் கண்ணாடியாவது சொரசொரப்பான ஆன்டி-நியூட்டன் வகையாக இருப்பது நல்லது. தூசி படியும் பரப்புகள் இரண்டிலிருந்து ஆறாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.

இருட்டறையின் சிவப்பு விளக்கு தாளைக் கறுக்கச் செய்கிறதா என்று பார்க்க, கட்டுரையில் சொல்லப்பட்ட நாணயச் சோதனையிலும் ஒரு குறை. இன்னும் ஒளி படாத பிரிண்ட் தாளில் நாணயம் வைத்துச் சிவப்பு விளக்கைச் சோதித்தால் லேசான ஒளிக்கசிவு தெரியாது. என்லார்ஜரில் தாளுக்கு மங்கிய சாம்பல் வரும் அளவு ஒளி கொடுத்த பின்பே நாணயத்தை வைத்துச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை