மினியேச்சர் போர் விளையாட்டுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேசையில் சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டிப் போர்களை ஆடும் நாம், வெற்றிப் புள்ளிக்காக மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, பழையபடி சிரித்து விளையாடுவோம் என்று போன பொதுக்குழுவில் பேசி முடித்தோம். பேசியபடியே நடந்தது என்பதைச் சொல்ல எனக்கு நிறைய மகிழ்ச்சி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். பொம்மைகளின் உடைந்த துப்பாக்கிகளை ஒட்டுவது, அவை நிற்கும் அடித்தட்டை மாற்றுவது போன்ற வேலைகள் தடையில்லாமல் நடந்தன. வண்ணம் பூசாத பொம்மை மேசைக்கு வரக் கூடாது என்ற விதியை மட்டும் கொஞ்சம் தளர்த்தினோம். கண் மங்கிவரும் உறுப்பினர்களுக்கு 28 மில்லிமீட்டர் பொம்மையின் சட்டைப் பொத்தானில் தூரிகை வைப்பது எளிதல்ல.

இந்த ஆண்டின் பெரிய ஆட்டம் பார்சே. 1940இல் ரால்ஃப் பாக்னோல்ட் தொடங்கிய பிரிட்டிஷ் நெடுந்தூரப் பாலைவனப் படை, 1942 செப்டம்பர் 13 இரவு லிபியாவில் இத்தாலியர் வசமிருந்த பார்சே விமானத்தளத்தையும் அங்கிருந்த படைமுகாமையும் தாக்கிய கதை. எகிப்திலிருந்து மணற்கடல் தாண்டி, லாரியிலும் ஜீப்பிலும் போய் அடித்தார்கள். நம் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான போர் கிடையாது. இருட்டு, குழப்பம், அவசரம், ஆளுக்கொரு வண்டி. யாரும் சும்மா உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் ஆட்டத்தில், விமானங்களை எரித்துவிட்டு லாரிகள் வெளியேறும் நேரம். ஊர்த் தெருவில் இரண்டு இத்தாலியக் குட்டி டாங்குகள் வழிமறித்து நிற்கின்றன. பிரிட்டிஷ் தரப்பு உறுப்பினர் தன் செவர்லே லாரியை நேராக டாங்கின் மேல் விடுவதாக அறிவித்தார்.

"டேய், லாரியை டாங்க் மேல ஏத்துறியா? எந்த ரூல்ல இருக்கு?"

"ரூல்ல இல்ல. வரலாற்றுல இருக்கு."

உண்மைதான். அந்தப் படையின் கேப்டன் வைல்டர் 1942இல் அன்றிரவு அதைத்தான் செய்தார். தன் லாரியை டாங்கின் மேல் மோதவிட்டு மற்ற வண்டிகளுக்கு வழி திறந்தார். முன்பென்றால் விதிப்புத்தகத்தைப் புரட்டியே மாலை முடிந்திருக்கும். இந்த முறை நடுவர் புத்தகத்தை மூடிவிட்டு, "நாலு, அதுக்கு மேல விழுந்தா வழி விடும்" என்றார். பகடை உருண்டு மேசை விளிம்பில் நின்றது. ஐந்து! டாங்கை வைத்திருந்த உறுப்பினரே எழுந்து கைதட்டினார். அந்த லாரிக்கு முன்பக்கம் நசுங்கிய ஒரு மாற்று வண்டியை அவரே பிறகு செய்து கொடுத்தார். அது இப்போது சங்க அலமாரியில் இருக்கிறது.

எத்தனை விமானம் போனது என்பதில் மட்டும் இழுபறி. அன்றைக்கும் அப்படித்தான். தாக்கியவர்கள் 32 என்றார்கள்; இத்தாலியக் கணக்கில் அழிந்தவை 16, சேதமானவை 7. அதனால் இரு தரப்பும் தத்தம் அறிக்கையை எழுதி வாசிக்கட்டும், புள்ளி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த இரண்டு அறிக்கைகளும்தான் ஆண்டின் சிறந்த வாசிப்பு.

திரும்பும் பயணத்தைத் தனி ஆட்டமாக வைத்தோம். உண்மையில் இத்தாலிய விமானங்களின் தாக்குதலில் பெரும்பாலான வண்டிகள் போய், காயம்பட்டவர்களை மருத்துவர் லாசன் வண்டியில் ஏற்றிப் பாலைவனத்தில் கொண்டுபோனார். அந்த ஆட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்து அவர் வண்டியைக் காப்பாற்றியது எனக்கு மிகவும் பிடித்தது. உடல்நலக் குறைவால் வர முடியாத நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே பகடை எறியச் சொல்லிக் கலந்துகொண்டார். அவருக்கு நம் அனைவரின் அன்பு.

அப்புறம், ஒரு தீர்மானம். விதி பற்றிய வாக்குவாதம் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் நடுவர் எண் சொல்ல, பகடை தீர்க்கும். ஓராண்டாக வாய்மொழியாக இருந்த இதை எழுத்தில் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டின் நடுவர் பொறுப்புக்கு விருப்பமுள்ளவர்கள் இன்றே தலைவரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்