அம்புஜம் கிருஷ்ணாவின் நாலு பாட்டு

உ
காரைக்குடி

அன்பு மகள் விசாலாட்சிக்கு ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

கொலுவில் பாட நாலு தமிழ்ப் பாட்டு கேட்டிருந்தாய். நாலையும் அம்புஜம் கிருஷ்ணாவின் பாட்டாகவே பாடு. அம்பாள் பாட்டு இல்லையா என்று யாராவது கேட்பார்கள். கொலுப்படியில் கண்ணனும்தானே நிற்கிறான்.

‘ஓடோடி வந்தேன் கண்ணா’வைத் தெரியாத சபா ரசிகர் குறைவு. எழுதியது யார் என்று கேட்டால், தாங்கள் கேட்ட பாடகரின் பெயரைச் சொல்வார்கள். அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) மதுரை டி.வி.எஸ். குடும்பத்து மருமகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், இந்தி என்று அறுநூறுக்கு மேல் எழுதியவர். மேடையேறிப் பாடிப் பெயர் வாங்கியவர் அல்ல. மெட்டமைத்தவர்கள் வி.வி. சடகோபன், மதுரை டி.என். சேஷகோபாலன், சாருமதி ராமச்சந்திரன் போன்றவர்கள். நம் பக்கத்துக் குன்னக்குடி, அரியக்குடிச் சொந்தமும் உண்டு: மெட்டுப் போட்டவர்களில் குன்னக்குடி வைத்தியநாதன் ஒருவர், இன்னொருவரான மதுரை என். கிருஷ்ணன், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் சிஷ்யர். கச்சேரியில் இவர் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் துக்கடா என்னும் சின்னப் பாட்டாக வரும், அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடப் போய்விடுவார்கள்.

முதலில் ‘அழகா அழகா’. ராகம் சுத்த தன்யாசி. ஸ க ம ப நி என்று ஐந்தே சுரம். நழுவுவது இதில் இல்லாத ரிஷபத்தில், அதாவது ‘ரி’யில்தான். இறங்கும்போது ‘க ரி ஸ’ என்று வாய் தானாகப் போனால் ஆபேரி ராகத்தின் சாயல் வந்துவிடும். கவிலிருந்து நேரே ஸவுக்கு வா. ‘ழ’வை மேல் சுருதியில் பிடிக்க முடியாமல் ‘அளகா’ என்று முடிப்பவர்கள் நிறைய. நாக்கை மடித்தபடியே நீட்டிப் பழகு. மெட்டு சற்றுத் தள்ளாடினாலும் பரவாயில்லை.

‘ஓடோடி வந்தேன்’ தர்மவதி, 59ஆவது மேளம், அதாவது தாய் ராகம். கல்யாணிக்கும் இதற்கும் ‘க’ என்ற காந்தாரம் ஒன்றுதான் வித்தியாசம்; இங்கே சாதாரண காந்தாரம். அது சற்று ஏறினால் கல்யாணி, பிரதி மத்யமமாக நிற்கும் ‘ம’ இறங்கிச் சுத்த மத்யமமானால் கௌரிமனோகரி. ஆகவே பாட்டைத் தொடுமுன் ‘ரி க ம ப’வை மட்டும் தம்பூராவோடு மெதுவாகப் பாடு. காந்தாரமும் பிரதி மத்யமமும் தனித்தனியாகக் காதில் நிற்கும் வரை பாட்டுக்குப் போகாதே.

‘குருவாயூரப்பனே’ ரீதிகௌளை. நேரே ஏறி இறங்கும் ராகம் அல்ல. ‘ஸ க ரி க ம’ என்று வளைந்துதான் போகும், ‘நி’ என்ற நிஷாதம்தான் உயிர். அவசரமாகப் பாடினால் ஆனந்தபைரவி எட்டிப் பார்க்கும்.

‘என்ன சொல்லி அழைத்தால்’ கானடா. இதைப் போனைப் பார்த்துப் படிக்காதே. காந்தார அசைவு சுரக் குறிப்பில் தெரியாது, எழுத்தில் வெறும் ‘க’தான் இருக்கும். அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் இந்த வருஷம் விட்டுவிட்டு, பல ராகம் கோத்த ராகமாலிகையான ‘கண்ணனிடம் எடுத்துச் சொல்லடி’யை எடுத்துக்கொள். தோழியைத் தூது விடும் பாட்டு. ‘எடுத்துச்’ என்பதில் உள்ள ‘ச்’ விழுங்கப்படாமல், ஆளை எதிரே வைத்துப் பேசுகிற மாதிரி வர வேண்டும். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதியை அடுக்கினால் சேதி போய்ச் சேராது. ஒரு வரிக்கு இரண்டு சங்கதி போதும்.

ஆண் குரல் பதிவோடு சேர்ந்து பாடிப் பழகாதே. அவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டைச் சுருதியைச் சுற்றிப் பாடுவார்கள், உனக்கு அதைவிட உயரமாக ஐந்தோ ஐந்தரையோ கட்டை வேண்டும். கூடவே பாடினால் கீழே குரல் தேயும், மேலே கிறீச்சிடும். பதிவைக் கேள், நிறுத்து, சுருதிப் பெட்டியை உன் கட்டைக்கு வைத்துப் பாடு. அதற்கும் முன்னால் சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, கையில் தாளம் போட்டுக்கொண்டு பேச்சாகவே சொல்லிப் பார்; எங்கே மூச்சு விட்டால் சொல் உடையாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எழுதியவர், மெட்டமைத்தவர், நீ கேட்ட பாடகர் என்று மூன்று பெயரையும் எழுதிக்கொள். பாடுமுன் முதல் பெயரைச் சபையில் சொல்லிவிடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு அப்பச்சியின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஆத்தா